இசைத்தட்டில் சாவி

ஒன்றுமே இல்லாததைக் காது கொடுத்துக் கேட்பதற்கு ஒருவருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் நன்னிலம் பக்கத்தில் யார் நம்புவார்கள்? எழில்மொழியின் அப்பா இளையபெருமாளே நம்பவில்லை. தஞ்சாவூரில் மகளுக்கு என்ன வேலை என்று டீக்கடையில் யாராவது கேட்டால், ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். கணக்கு என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் கிளறமாட்டார்கள். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கிற சும்மாவைக் கேட்கிறது என்று உண்மையைச் சொல்லியிருந்தால், பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊரே விசாரிக்க வந்திருக்கும்.

ஆனால் வேலை அதுதான். கறுப்பு இசைத்தட்டின் விளிம்பில் முள் இறங்கியதும் பாட்டு உடனே வந்துவிடாது. ஓரிரு சுற்றுக்கு வெறும் பள்ளம் மட்டும் ஓடும். அந்தப் பள்ளத்தில் எதுவும் இருக்கக் கூடாது. எழில்மொழி கண்ணை மூடி, ஹெட்போனை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, அந்த ஒன்றுமில்லாததுக்குள் மெல்ல இறங்குவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கிறவர்கள் வேலை செய்கிறாள் என்று சொல்லமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவள் மாதிரி இருப்பாள்.

தஞ்சாவூர் எல்லையில், முன்பு நெல் அவித்து அரைத்த ஓர் ஆலையின் கொட்டகையில், இசைத்தட்டு அடிக்கிற அந்தக் கம்பெனி நடந்தது. முதலாளி ஸ்ரீவித்யா. குத்தாலம் பக்கத்தில் ஒரு காலத்தில் நிலபுலனோடு இருந்த குடும்பம், இப்போது ஆளுக்கொரு ஊர். பெங்களூரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர், போனில் இருக்கிற பாட்டை விட்டுவிட்டு இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறுபடியும் இசைத்தட்டு வாங்கி அலமாரியில் அடுக்கத் தொடங்கியதும், இதுதான் சமயம் என்று ஊர்ப்பக்கம் வந்துவிட்டார். மூடிக் கிடந்த ஆலையை எடுத்ததில் பழைய கொதிகலனும் சேர்ந்து வந்தது. கொதிகலனோடு, அதன் பக்கத்திலேயே நின்று பாதி ஆயுளைக் கழித்த அரசப்பனும் வந்தார். முன்பு நெல்லுக்கு நீராவி விட்டவர் இப்போது பாட்டுக்கு விட்டார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நெல்லு அவித்தால் பசி போகும், இதை அவித்தால் தூக்கம் வரும் என்று சொல்லிச் சிரிப்பார்.

இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் பெயர்கள் அந்தக் கொட்டகையில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் மணிகளுக்குக் குருணை என்று பெயராயிற்று. அதை உருக்கித் திரட்டிய உருண்டை கொழுக்கட்டை. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு நிக்கல் தகடுகள், அவற்றில் பாட்டு முழுவதும் நூலைவிட மெல்லிய மேடுகளாக இருக்கும். கொழுக்கட்டையை நடுவில் வைத்து நசுக்கும்போது தகடுகளின் முதுகில் நீராவி ஓட வேண்டும். பிளாஸ்டிக் இளகி, ஒவ்வொரு மேட்டையும் சுற்றி ஓடி, மூலைமுடுக்கெல்லாம் நிறைந்தால்தான் அது தட்டில் பள்ளமாகப் பதியும். உடனே நீராவியை நிறுத்தி, குளிர்ந்த தண்ணீரை விட்டு இறுக வைக்க வேண்டும். எல்லாம் அரை நிமிஷத்து வேலைதான். பாடகர் மாதக்கணக்கில் பயிற்சி செய்து பாடியது நன்றாக இருக்குமா, நாறிப்போகுமா என்பது அந்த அரை நிமிஷத்தில் முடிவாகிவிடும்.

சரியாக ஆறுவதற்குள் எடுத்தால் தட்டு நெளிந்துபோகும், அது அப்பளம். நடு ஓட்டை மயிரிழை தள்ளிப்போனால் நாதஸ்வரம் சுற்றுக்கு ஒரு தரம் ஏறி இறங்கும், அது ஊஞ்சல். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சாவி என்று ஒன்று உண்டு, அதுதான் எமன். பூட்டுச் சாவி இல்லை. பால் பிடிக்காமல் போன நெல்லுக்கு இந்தப் பக்கத்தில் சாவி என்று பெயர். தள்ளி நின்று பார்த்தால் கதிர் கதிராகத்தான் தெரியும், விரலால் நசுக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. அதே மாதிரி சூடு போதாமல் அழுத்தினால் பிளாஸ்டிக் பள்ளத்தின் அடிவரை போய் நிறையாமல் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. முள் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு சரசரப்பு, இல்லாவிட்டால் மெல்லிய ஓர் இரைச்சல். அந்தப் பெயரை வைத்தவர் அரசப்பன். அதைக் கண்டுபிடிக்கிறவள் எழில்மொழி.

அவளுக்கு அந்தக் காது சும்மா வந்துவிடவில்லை. இளையபெருமாளின் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் உழைத்த குடும்பம். இளையபெருமாள் காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது, அதுவும் கடைமடையில். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோ சொல்லும், பேப்பர் சொல்லும், மேல்மடைக்காரர்கள் நாற்று விட்டே முடித்திருப்பார்கள். இவர்கள் வாய்க்காலில் ஓணான்தான் ஓடும். அப்போதெல்லாம் இளையபெருமாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளை வாய்க்காலுக்குக் கூட்டிப்போவார். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் காய்ந்த வாய்க்காலில் ஒருக்களித்துப் படுத்து, காதை மண்ணில் வைப்பாள். மண் சுடும். எங்கோ ஒரு நண்டு வளையைக் கிளறும். அதற்கும் அடியில், தூரத்தில், யாரோ பட்டுப்புடவையை மடிக்கிற மாதிரி ஒன்று கேட்கும்.

"வருதா எழிலு?"

"வருதுப்பா."

அவள் வருது என்று சொல்லி வராமல் போனது கிடையாது. எழிலு சொல்லிவிட்டாள் என்றால் பக்கத்து வயல்காரர்களும் மண்வெட்டியைத் தேடுவார்கள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட ஊர் அவளை அப்படி மதிக்கவில்லை. தன் காது சொன்னால் அது நடக்கும் என்ற நம்பிக்கை, அந்த வயதிலேயே அவளுக்குள் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

பிறகு திருவாரூரில் பௌதிகம் படித்தாள். தஞ்சாவூரில் ஒரு காது ஆஸ்பத்திரியில், கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை கிடைத்தது. நோயாளியைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஸ்ரீவித்யா, கல்யாணம் என்ற பெயருள்ள தன் அப்பாவை அங்கே அழைத்து வந்தபோதுதான் இருவருக்கும் பழக்கம். கல்யாணத்தின் சட்டைப் பையில் இருந்த பழைய கடிகாரம் ஓடுவது தனக்குக் கேட்கிறது, அதை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள் என்று எழில்மொழி சொன்னாள். ஸ்ரீவித்யா அப்பாவின் சோதனையை மறந்துவிட்டு, நம்ம கம்பெனிக்கு வருகிறாயா என்று அங்கேயே கேட்டுவிட்டார். அன்று முதல் அவள் சரி என்று சொல்லாமல் அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு தட்டும் வெளியே போனதில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தண்ணீர்த் தட்டு வந்து சேர்ந்தது.

சென்னையிலிருந்து அக்ஷய் என்று ஓர் ஒலிப்பதிவாளர். பாட்டுக் கீட்டு ஒன்றும் இல்லாமல், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதை மட்டும் பதிவுசெய்து தட்டாகப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கே போய்ப் பதிவுசெய்வது என்று கேட்டபோது எழில்மொழி தன் அப்பாவின் வாய்க்காலைத்தான் காட்டினாள். போன வருஷம் ஆனி மாதத்தில் அக்ஷய் அங்கே போய்க் கருவிகளைப் பரப்பிக்கொண்டு காத்துக் கிடந்தார். தட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்தக் காத்திருப்புதான். காற்று, எங்கோ ஒரு பம்புசெட், ஒரு காடை, நடுவில் ஒரு தரம் இளையபெருமாளின் இருமல். மறுபக்கத்தில் பாதிக்குமேல் போன பிறகு, மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, அந்தப் பட்டுப்புடவைச் சத்தம். அப்புறம் தண்ணீர். முதல் தடவை கேட்டபோது எழில்மொழி, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துபோனாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதற்குக் கை தானாகப் போயிற்று.

ஆடிப்பெருக்கன்று தட்டை வெளியிடுவதாக ஏற்பாடு. எழில்மொழிக்கு அது வெறும் வேலையாக இல்லை. ஊருக்கு எடுத்துப்போய், ஹெட்போனை அப்பா காதில் மாட்டி, நான் கேட்கிற சும்மா இதுதான் என்று காட்டிவிட வேண்டும் என்று ஆசை.

கச்சேரித் தட்டு என்றால் ஒரு சிறு சாவியை மிருதங்கம் மறைத்துவிடும். இந்தத் தட்டில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. வெள்ளை வேட்டியில் மசி பட்ட மாதிரி தெரிந்துவிடும். சோதனைக்காக அடித்த முதல் தட்டை அவள் கேட்டாள். முள் இறங்கியது. வெற்றுப் பள்ளம் ஓடியது. அதில், மிக மெல்லியதாக, மாவு சலிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். சாவி இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அரசப்பன் நீராவியைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்ததிலும் இருந்தது. அழுத்துகிற நேரத்தை நீட்டினார். இருந்தது. குருணை மூட்டையை மாற்றினார், தகடுகளைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார், கொதிகலனுக்கு ஊற்றுகிற தண்ணீரைக்கூட மாற்றினார். அப்படியும் இருந்தது. ஸ்ரீவித்யா ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, ஆமாம், லேசாக இருக்கிற மாதிரிதான் இருக்கிறது என்றார். எழில்மொழி இருக்கிறது என்று சொன்ன பிறகு இல்லை என்று கேட்பதற்கு அங்கே யாருக்கும் காது கிடையாது. அரசப்பன் ஒருவர்தான் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று தலையைச் சொறிந்தார்.

அன்றைக்கு எழில்மொழிக்கு எரிச்சல் மண்டையில் ஏறியிருந்தது. ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தில் சொல்லிவிட்டாள்.

"பாய்லர் பக்கத்துலயே நின்ன காதுக்கு இதெல்லாம் எப்படிண்ணே கேக்கும்?"

அரசப்பன் தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுவரை அவளை எழிலு என்றும் வாம்மா போம்மா என்றும் பேசியவர், மறுநாளிலிருந்து மேடம் என்று கூப்பிட்டார். தன் கொல்லையிலிருந்து பொட்டலம் கட்டி எடுத்துவருகிற வெள்ளரிப்பிஞ்சு நின்றுபோயிற்று. இந்தத் தட்டு முடிந்ததும் தன்னை வேலையிலிருந்து விட்டுவிடும்படி அவர் ஸ்ரீவித்யாவிடம் சொல்லிவைத்திருப்பதாகக் காதில் விழுந்தது. எழில்மொழிக்கு உறுத்தியது. ஆனாலும் சாவி சாவிதானே, நான் என்ன இல்லாததையா சொன்னேன் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஒருநாள் பிற்பகல், அவள் இன்னொரு சோதனைத் தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. தட்டு சோம்பல் முறித்துக்கொண்டு வேகம் குறைந்து நின்றது. கொட்டகையில் மின்விசிறிகள் நின்றன, அழுத்து இயந்திரம் பெருமூச்சு விட்டு அடங்கியது. வெளியே வேப்பமரத்தில் காற்றுகூட இல்லை. வெயில் மட்டும் ஜன்னல் வழியே வந்து தரையில் படுத்திருந்தது. இந்த மாதிரி நேரம் அவளுக்குப் பிடிக்கும். ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாள்.

இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. தட்டு இன்னும் ஓடுகிறது என்று கனவு போல நினைத்தாள். கண்ணைத் திறந்தாள். முள் பள்ளத்தில் அசையாமல் நின்றது. ஹெட்போனைக் கழற்றினாள். கேட்டது. வலது காதைப் பொத்தினாள், கேட்டது. இடது காதைப் பொத்தினாள், இன்னும் பெரிதாகக் கேட்டது. கரண்ட் வந்து, தட்டு மறுபடி சுழல ஆரம்பித்து, கொட்டகையின் எல்லாச் சத்தமும் திரும்பி வந்த பிறகும் அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை பேருக்குச் சோதனை செய்து அனுப்பியவள்! இருந்தாலும் மறுநாள் காலையில் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளோடு வேலை பார்த்த ரசியா பேகம்தான் இப்போதும் அங்கே இருந்தாள். கதை பேசிக்கொண்டே கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பொத்தானைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வலது காது முடிந்தது. இடது காது ஆரம்பித்தது. மெல்லிய சத்தம் வந்ததும் எழில்மொழி அமுக்கினாள். இன்னொன்று வந்தது, அமுக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் ரசியா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ரசியாவின் இரண்டு கைகளும் சும்மா மடியில் இருந்தன. அவள் எந்தச் சத்தமும் அனுப்பியிருக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி தலை நிமிர்ந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம் என்று எழில்மொழிக்கு நினைவு வந்தது. அவர்களைப் பார்த்து அப்போது பாவமாக இருக்கும். இப்போது ரசியாவின் முகத்தில் அந்தப் பாவம்தான் இருந்தது.

டாக்டர் நல்லவிதமாகத்தான் சொன்னார். இடது காது நரம்பு தளர்ந்திருக்கிறது, மேல்சுருதிகள் குறைந்திருக்கின்றன, இந்த இரைச்சல் முழுதாகப் போகாது, பழகிக்கொள்ளலாம், வலது காது நன்றாக இருக்கிறது என்றார். பழகிக்கொள்ளலாம் என்ற சொல்லை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். தனக்குச் சொன்னபோதுதான் அது எவ்வளவு மொட்டையான சொல் என்று தெரிந்தது. இனிமேல் ஒன்றுமில்லாதது என்பது அவளுக்குக் கிடையாது. முள் இறங்கிய பிறகு பாட்டு வருவதற்கு முன்னால் இருந்த அந்த இடம், ஜன்னலோர சீட்டு, அது போயிற்று. பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணில் சாய்ந்து நின்று அழுதாள். சுற்றிலும் கும்பகோணம் கும்பகோணம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவன் இனியவன், பள்ளிக்கூட வாத்தியார், பதறாத மனிதன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாருக்கும் இப்போது சொல்ல வேண்டியதில்லை என்றான். அடுத்த தட்டு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடு, வெளியீடு முடியட்டும், பிறகு நிதானமாக யோசிக்கலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்தக் காதை நம்பித்தான் அவளுக்கு வேலை, பேர், எல்லாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தட்டு வெளியே போகும், அவள் காது பழையபடி கம்பெனியின் காதாக இருக்கும். ஒரே ஒரு சங்கடம். அதுவரை அடித்ததெல்லாம் சாவி, இப்போதுதான் அரசப்பனுக்கு ஒழுங்காக அடிக்க வந்தது என்று ஆகிவிடும். அவர் அந்தப் பேரோடு வீட்டுக்குப் போவார்.

போனால் போகட்டும் என்றுதான் அவள் மறுநாள் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

அரசப்பன் புதுத் தட்டை எடுத்துவந்தார். வழக்கம்போல விளிம்பில் மட்டும் விரல் பட ஏந்தியிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயத் துடைத்திருந்தார். "பாருங்க மேடம்" என்று நீட்டிவிட்டு, போகாமல், தீர்ப்புக்கு நிற்கிறவர் மாதிரி சுவரோரம் நின்றார். ஸ்ரீவித்யாவும் வந்து நின்றார். எழில்மொழி தட்டை வைத்தாள். முள்ளை இறக்குவதற்குக் கையை நீட்டினாள். வாய்க்குள் அந்தச் சரி தயாராக இருந்தது. அரசப்பனின் கழுவிய கை கண்ணில் பட்டது.

ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்கண்ணே. எனக்குத் தட்டு ஓடாதப்பவும் சாவி கேக்குது. என் காதுலதான் இருக்கு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் போனது, கண்ணாடி அறை, டாக்டர், இனியவன் சொன்னது, தான் இன்று பொய் சொல்ல வந்தது. ஸ்ரீவித்யாவின் முகம் வெளிறிப்போயிற்று. தனக்கும் கேட்டது என்று சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், அவர் தரையைப் பார்த்தார். அரசப்பன் மட்டும் எதையும் கேட்டுக்கொண்ட மாதிரி காட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முள்ளை இறக்கினார்.

முதல் பக்கம் முழுவதும் கேட்டார். இருமல் வந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். தட்டைத் திருப்பிப் போட்டார். எழில்மொழிக்குத் தட்டு தெரிந்தது, சுழல்வது தெரிந்தது, அவர் கேட்பது எதுவும் தெரியவில்லை. தன் இரைச்சலோடு உட்கார்ந்து ஒரு மனிதர் முகத்தில் காற்றும் காடையும் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் போதும், பட்ட அவமானத்துக்கெல்லாம் பதில் கிடைத்துவிடும். சொல்வார், சொல்லட்டும் என்று அவளே வேண்டிக்கொண்டாள்.

அரசப்பன் முள்ளைத் தூக்கினார். பின்னால் கொண்டுபோய் மறுபடி வைத்தார். மறுபடியும் கேட்டார்.

"இதுல நெசமாவே சாவி இருக்கு எழிலு. தண்ணி வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி. அடிச்சது நான்தான்."

அவர் காட்டிய இடத்தை எழில்மொழி வலது காதால் மட்டும் கேட்டாள். இருந்தது. பொடிப்பொடியாக, சரசரவென்று, அசல் சாவி. அவள் காதின் இரைச்சல் அதன் மேல் பாய் விரித்து மூடியிருந்தது. இல்லாத ஒன்றுக்காக இத்தனை நாள் ஆட்டிவைத்தவள், இருந்ததை விட்டிருக்கிறாள். அதற்கும் காரணம் அவளே என்பது அரசப்பன் சொன்னபோது புரிந்தது. அவள் குறை சொல்லச் சொல்ல மேல் தகட்டுக்கு நீராவியைக் கூட்டிக்கொண்டே போனதில், பழைய கொதிகலனுக்கு மூச்சு வாங்கி, மறுபக்கத்தைப் பதிக்கிற கீழ்த் தகட்டுக்குச் சூடு குறைந்துபோயிருந்தது. எழில்மொழிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது அழுகையாக மாறிவிட்டது. அரசப்பன் என்ன செய்வதென்று தெரியாமல், வெள்ளரிப்பிஞ்சு நாளைக்கு எடுத்துவருவதாகச் சொன்னார்.

எல்லாவற்றையும் பழைய அளவுக்கே குறைத்து, முதல் நாள் வைத்த சூட்டிலேயே அடித்தார்கள். அரசப்பன் கேட்டார், ஸ்ரீவித்யா கேட்டார், எழில்மொழி வலது காதால் கேட்டாள். சுத்தமாக இருந்தது. முதல் நாளும் அது சுத்தமாகத்தான் இருந்தது. இனிமேல் ஒரு காது போதாது, ஒவ்வொரு தட்டையும் எழில்மொழியும் அரசப்பனும் சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்று ஸ்ரீவித்யா சொல்லிவிட்டார். அரசப்பனின் ராஜினாமாப் பேச்சு அப்புறம் காதில் விழவில்லை.

அந்த வாரக் கடைசியில் எழில்மொழி ஊருக்குப் போனாள். பையில் தண்ணீர்த் தட்டு இருந்தது. வீட்டில் அப்பா இல்லை. மேட்டூர் திறந்து நாளாகிவிட்டது, இன்றோ நாளையோ என்று சொல்கிறார்கள், வாய்க்காலுக்குப் போயிருக்கிறார் என்று அம்மா அம்சம் சொன்னாள். பையை வைத்துவிட்டு அவளும் போனாள்.

சாயங்கால வெயில் வயல் முழுக்கப் படிந்து கிடந்தது. இளையபெருமாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலுக்குள் நின்றார். மகளைக் கண்டதும் எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை, தலையைத் தரைப்பக்கமாக அசைத்தார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு காய்ந்த வாய்க்காலில் படுத்தாள். பழக்கம், இடது காதுதான் மண்ணுக்குப் போயிற்று. மண் சுட்டது.

கேட்டது. தூரத்தில், அடியில், யாரோ பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"வருதா எழிலு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள். வயதான பிறகும் அந்தக் குரலில் அதே நம்பிக்கை. வருது என்று சொன்னால் இப்போதே எழுந்து மடையைத் திறக்கப் போவார்.

"கேக்குதுப்பா. ஆனா வருதான்னு தெரியல."

அவள் அப்படி ஒரு பதிலை அவருக்குச் சொன்னதே இல்லை. இளையபெருமாள் அவளையே பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று நினைத்தாள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்திருந்தாள். அவர் மண்வெட்டியைக் கரையில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அவளுக்குப் பக்கத்தில் வாய்க்காலிலேயே காலை நீட்டி உட்கார்ந்தார்.

"சரி, நீயும் உக்காரு. வந்தா காலு நனையும்."

அவள் எழுந்து, கன்னத்தில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல், அவரோடு காலை நீட்டி உட்கார்ந்தாள்.